பதிவு செய்யும் நாடு: கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைகளின் சட்ட இருப்பிடம்

கட்டற்ற மென்பொருளின் மூலநிரலை யாரும் படியெடுக்கலாம். அப்படியிருக்க, அதற்கான அறக்கட்டளையை எந்த நாட்டில் பதிவு செய்தால் என்ன? பதிவுச் செலவு, வரிவிலக்கு, நடைமுறையின் எளிமை ஆகியவற்றை ஒப்பிட்டு நாட்டைத் தேர்வதே வழக்கம். இவை இரண்டாம் நிலைக் காரணங்கள் என்பது இக்கட்டுரையின் வாதம். உரிமத்தால் பொதுவாகாத சொத்துகள் யார் கைக்குப் போய்விடக் கூடாது என்பதே முதற்கேள்வி.

அத்தகைய சொத்துகள் எவை என்பதை லிப்ரெஆபிஸின் தோற்றம் காட்டுகிறது. 2010 ஜனவரியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸை ஆரக்கிள் வாங்கியபோது அதன் அலுவலக மென்பொருளான ஓப்பன்ஆபிஸும் கைமாறியது. அவ்வாண்டு செப்டம்பர் 28 அன்று பங்களிப்பாளர்கள் பலர் பிரிந்து ‘தி டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன்’ என்ற அமைப்பை அறிவித்தனர். நிரலை எடுத்துச் செல்ல எவர் அனுமதியும் தேவைப்படவில்லை. ஆனால் பெயர் ஆரக்கிளிடமே தங்கிவிட்டது. மென்பொருளுக்கு லிப்ரெஆபிஸ் என்று புதுப்பெயர் சூட்ட வேண்டியதாயிற்று. ஆக, அறக்கட்டளை காக்க வேண்டியவை வணிகக்குறி, இணையப் பெயர், நன்கொடைப் பணம், ஒப்பந்தங்கள் ஆகியவையே.

இந்த அனுபவம் கண்டவர்கள் ஜெர்மனியைத் தேர்ந்ததில் வியப்பில்லை. அந்நாட்டுச் சட்டத்தின் ‘ஸ்டிஃப்டுங்’ வடிவத்துக்கு உரிமையாளரும் இல்லை, பங்குதாரரும் இல்லை. விலைக்கு வாங்க அதில் ஏதுமில்லை. சாசனத்தில் எழுதிய நோக்கத்தை ஆட்சிக்குழு தன் விருப்பப்படி மாற்றிவிட முடியாது. அரசு மேற்பார்வை அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். மூலதனமாக 50,000 யூரோ தேவைப்பட்டது. 2011 பிப்ரவரியில் எட்டே நாளில் அது நன்கொடையாகச் சேர்ந்தது. எனினும் பெர்லினில் பதிவு முடிந்தது 2012 பிப்ரவரி 17 அன்றுதான். அதே நாட்டில் ஏழு பேர் கூடினால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துவிடலாம். கேடிஇ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்குப் பின்னுள்ள அமைப்பு அத்தகைய சங்கமே. எளிமைதான் அளவுகோல் என்றால் இவர்களும் அதோடு நின்றிருப்பார்கள். இறுக்கத்துக்கு விலையும் உண்டு: சாசனத்தில் பிழை நேர்ந்தால் அதைத் திருத்துவதும் அதே அளவு கடினம்.

வரிவிலக்கே முதன்மை என்போர் அமெரிக்காவைச் சுட்டுவர். அப்பாச்சி அறக்கட்டளை 1999இல் டெலவேரில் பதிவாகி அச்சலுகையுடன் இயங்குகிறது. ஆனால் ஷாட்வெல் படத்தொகுப்பு மென்பொருளை உருவாக்கிய யோர்பா அமைப்பின் விண்ணப்பத்தை நான்கு ஆண்டுகளுக்கு மேல் கிடப்பில் வைத்த வருமான வரித்துறை, 2014இல் அதை நிராகரித்தது. மென்பொருளை யாரும் எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம் என்பதால் அது அறப்பணி ஆகாது என்றது துறை. கட்டற்ற மென்பொருளின் அடிப்படைப் பண்பே இங்கு குறையாகிவிட்டது. அதிகாரிகளின் விளக்கத்தைச் சார்ந்து நிற்கும் சலுகையை நிலையான அடித்தளமாகக் கொள்ள முடியாது.

அச்சம் நிறுவனத்தைக் குறித்ததாக இல்லாமல் அரசைக் குறித்ததாக இருந்தால் விடையும் வேறாகும். அமெரிக்க வணிகக் கட்டுப்பாடுகளை முன்னுணர்ந்த, ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த செயலி வடிவமைப்பைப் பேணும் அமைப்பு 2020இல் சுவிட்சர்லாந்துக்கு மாறியது. அதன் பிறகும், 2023இல், அத்தொழில்நுட்பத்தில் அமெரிக்கர்களின் பங்களிப்பைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் கோரினர். அமைப்பு இடம்பெயரலாம், அதில் உழைப்போர் தத்தம் நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டே இருப்பர். 2024 அக்டோபரில், தடையாணைகளுக்கு இணங்க, லினக்ஸ் கருநிரலின் பராமரிப்பாளர் பட்டியலிலிருந்து ரஷ்யத் தொடர்புடைய சிலரின் பெயர்கள் நீக்கப்பட்டன. உரிமத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. நிரல் இன்றும் ரஷ்யர்களுக்குத் திறந்தே இருக்கிறது. சட்டம் தொட்டது ஆட்களைத்தான்.

எனவே பதிவு நாடு முழுக் காப்பு ஆகாது. சொத்தை விற்பதையும் நோக்கத்தைத் திரிப்பதையும் அது தடுக்கும்; பங்களிப்பாளர் மீது பாயும் தடையாணையைத் தடுக்காது. முந்தையதற்கு இறுக்கமான சட்ட வடிவம் வேண்டும். பிந்தையதற்குப் பராமரிப்புப் பொறுப்பும் சேவையகங்களும் பல நாடுகளில் பரவியிருக்க வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறிந்த பிறகே கட்டணமும் வரியும் கணக்கில் வரலாம். அந்த வரிசையில் ஆராய்ந்தால், மலிவான நாடு பல வேளைகளில் பட்டியலிலேயே இடம்பெறாது.