விங் ஃபாயில்: வீட்டுக் கொட்டகைகளில் வளர்ந்த விளையாட்டு

இந்த எபிசோடில் ஒரு விளையாட்டுச் சாமானைக் கழட்டிப் போட்டு, பாகம் பாகமா அதோட வரலாற்றைப் பார்க்கப் போறோம். சாமானின் பெயர் விங் ஃபாயில்.

நேரில் பார்க்காதவங்களுக்காகச் சொல்றேன். குட்டையான ஒரு போர்டு. அதன் அடியில் 80, 90 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு தண்டு. இதை மாஸ்ட் என்பார்கள். தண்டின் முனையில் குட்டி விமானம் மாதிரி இறக்கைகள். இவை எப்போதும் தண்ணீருக்குள்தான் இருக்கும். மேலே நிற்பவர் கையில் காற்றடைத்த ஒரு துணி இறக்கை. போர்டுக்கும் அதற்கும் எந்த இணைப்பும் கிடையாது, நடுவில் இருப்பது மனுஷன் மட்டும்தான். காற்றைப் பிடிச்சு வேகம் கூடினதும் போர்டு தண்ணியை விட்டு எழும்பும். அதுவரை தடதடவென்று அடித்துக்கொண்டிருந்த அலைச் சத்தம் சட்டென்று நின்றுபோகும்.

இந்த விங் கடைகளுக்கு வந்தது 2019 வாக்கில். அதனால் இதை நேற்று முளைத்த விளையாட்டு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இதில் இருக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் பல பத்து வருஷ வரலாறு இருக்கு. நான் தேடிப் பார்த்த வரைக்கும், அந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப வருவது பெரிய தொழிற்சாலை இல்லை, யாரோ ஒருத்தரின் வீட்டுக் கொட்டகை. தானே செஞ்சு, உடைச்சு, ஒட்டி, மறுபடி தண்ணியில் இறங்கினவங்க வளர்த்த விளையாட்டு இது. இன்றைக்கு உடைஞ்ச போர்டை நாமே சரி பண்ண முடியுமா, இல்லை தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கணுமா என்ற கேள்விக்கு இந்தக் கதையோடு நெருங்கிய சம்பந்தம் உண்டு.

முதல்ல அடியில் இருக்கும் ஃபாயில். 1906-ல் இத்தாலியின் மஜோரே ஏரியில் என்ரிகோ ஃபோர்லனினி என்ற பொறியாளர் ஒரு படகை ஓட்டினார். 60 குதிரைசக்தி எஞ்சின். படகின் பக்கவாட்டில் ஏணிப்படி மாதிரி அடுக்கடுக்காகச் சின்ன இறக்கைகள். வேகம் மணிக்கு சுமார் 68 கிலோமீட்டர். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. விமானத்துக்கு அகலமான இறக்கை வேண்டிய இடத்தில் தண்ணீருக்குள் கையகல இறக்கை போதும். அந்த ஏணி வடிவத்தில் ஒரு புத்திசாலித்தனமும் இருக்கு. வேகம் கூடக்கூட மேல் படிகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிடும். தூக்கும் பரப்பு குறையும். படகு தன் உயரத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். இன்று போர்டில் நிற்பவர் கால் அழுத்தத்தை மாற்றி மாற்றிச் செய்யும் வேலையை அன்று அந்த ஏணி செய்தது.

அடுத்து வருபவர் உங்களுக்குத் தெரிந்தவர்தான். டெலிபோன் புகழ் அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பேடெக் என்ற ஊர்ப் பக்கம் ஏரிக்கரையில் அவருக்கு ஒரு எஸ்டேட் வீடு. வீட்டு வளாகத்திலேயே பரிசோதனைக் கூடம், படகுப் பட்டறை எல்லாம். கேசி பால்ட்வின் என்ற இளம் பொறியாளர் கூட வேலை செய்தார். இருவரும் உலகம் சுற்றப் போனபோது இத்தாலியில் ஃபோர்லனினியின் படகில் ஏறிப் பார்த்தார்கள். ஊர் திரும்பி ஒன்றன் பின் ஒன்றாகக் கட்ட ஆரம்பித்தார்கள். நாலாவதாக வந்த எச்டி-4, 1919 செப்டம்பர் 9 அன்று மணிக்கு 70.86 மைல், அதாவது சுமார் 114 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி அந்தக் கால உலக சாதனையைப் படைத்தது. பெல்லுக்கு அப்போது 72 வயசு. சாதனைதான் கிடைத்தது, கடற்படைகள் வாங்கவில்லை. அந்தப் படகின் மிச்ச உடலை இன்றும் பேடெக் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பயணிகளை ஏற்றிய ஃபாயில் படகு 1953-ல்தான் வந்தது. அதுவும் அதே மஜோரே ஏரியில்.

அடுத்த பாகம், கையில் பிடிக்கும் பாய். எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாவே சொல்றேன்.

விண்ட்சர்ஃபிங் என்று ஒன்று இருக்கிறதே, போர்டில் நின்றபடி பாயைக் கையால் பிடித்து ஓட்டுவது, அதைக் கண்டுபிடித்தது யார்? காகிதப்படி பார்த்தால் கலிஃபோர்னியாவின் ஹாய்ல் ஷ்வைட்ஸரும் ஜிம் டிரேக்கும். டிரேக் விமானப் பொறியாளர். 1970-ல் அவர்களுக்குக் காப்புரிமை கிடைத்தது. ஆனால் அதற்கு முன்னாடியே பென்சில்வேனியாவில் நியூமன் டார்பி என்று ஒருவர் இருந்தார். அவரும் மனைவி நவோமியும் ஆற்றில் பாய் வைத்த பலகை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 1965 ஆகஸ்டில் 'பாப்புலர் சயின்ஸ்' பத்திரிகையில் அதை எப்படிச் செய்வது என்று டார்பி கட்டுரையே எழுதினார். காப்புரிமை வாங்கவில்லை. செய்முறையை ஊருக்கே கொடுத்தார்.

அதற்கும் முன்னாடி ஒரு பையன். 1958, இங்கிலாந்தின் ஹேலிங் தீவு. பீட்டர் சில்வர்ஸ், வயசு 12. கையில் கிடைத்ததை வைத்து பலகையும் பாயும் சேர்த்து ஒன்று செய்தான். கடலில் ஓட்டினான். கோடை முடிந்தது, அவ்வளவுதான். அவன் அதை விற்கவும் இல்லை, பதிவு செய்யவும் இல்லை.

பல வருஷம் கழித்து ஷ்வைட்ஸரின் நிறுவனம், டபுர் மரீன் என்ற இன்னொரு நிறுவனத்தின் மேல் இங்கிலாந்தில் காப்புரிமை வழக்குப் போட்டது. எதிர்த்தரப்பு அந்தப் பையனின் பலகையைச் சாட்சியாகக் கொண்டுவந்தது. நிறுவனத்தின் வாதம், அவன் வைத்திருந்த கைப்பிடிக் கட்டை நேரானது, எங்களுடையது வளைந்தது என்பது. நேரிலிருந்து வளைவுக்குப் போவது அந்தத் துறை தெரிந்த யாருக்கும் தோன்றக்கூடியதுதான் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. காப்புரிமை செல்லாது. 1985-ல் வெளியான மேல்முறையீட்டுத் தீர்ப்பு இது. ஒரு கண்டுபிடிப்பு உண்மையிலேயே புதுசா, இல்லை எவருக்கும் தோன்றுவதா என்று சோதிக்க அந்தத் தீர்ப்பு நாலு படிகளை வகுத்தது. 2007-ல் வேறொரு வழக்கில் கொஞ்சம் வரிசை மாற்றினார்கள். மற்றபடி பிரிட்டிஷ் சட்ட மாணவர்கள் இன்றும் அதை 'விண்ட்சர்ஃபிங் சோதனை' என்றுதான் படிக்கிறார்கள். 12 வயசுப் பையனின் லீவு நாள் வேலை!

மற்ற பாகங்களை வேகமாகச் சொல்லிடறேன். காற்றடைத்த விளிம்பு வந்தது பிரான்ஸின் பிரிட்டனியிலிருந்து. புருனோ, டொமினிக் லெகைனூ என்ற அண்ணன் தம்பி, தண்ணியில் விழுந்தாலும் மறுபடி எழும்பும் பட்டத்துக்கு 1984-ல் காப்புரிமை கேட்டார்கள். கைட்சர்ஃபிங் அதிலிருந்து கிளைத்தது. ஃபாயில் மனுஷன் காலடிக்கு வந்த கதை இன்னும் வேடிக்கை. 1980-களில் அமெரிக்காவில் படகு இழுக்க, நாற்காலியில் உட்கார்ந்தபடி பறக்கும் ஏர் சேர் வந்தது. ஹவாயில் லேர்ட் ஹாமில்டனும் கூட்டாளிகளும் அதன் ஃபாயிலை எடுத்து, போர்டில் பொருத்தி, காலில் ஸ்னோபோர்டு பூட்ஸ் மாட்டி, பெரிய அலைகளில் இறங்கினார்கள். 2003-ல் வந்த 'ஸ்டெப் இன்டு லிக்விட்' படத்தில் இதைப் பார்க்கலாம். 2016-ல் அதே ஹவாயின் மாவியில் கை லெனி, அலெக்ஸ் அகெரா செய்த ஃபாயிலில் நடுக்கடல் அலைகள் மேல் பறந்துபோகும் வீடியோ வந்து பலரை உசுப்பிவிட்டது. பிறகு அதே தீவில் பழைய விண்ட்சர்ஃபிங் வீரர் கென் வின்னர் காற்றடைத்த விங்கைச் சோதித்துச் சோதித்துக் கடைப் பொருளாக்கினார்.

இப்போது போர்டு. பழுது பார்க்கும் கதை இங்கேதான் ஆரம்பிக்குது.

1950-களின் கடைசியில் கலிஃபோர்னியாவில் ஹோபி ஆல்ட்டரும் கோர்டன் கிளார்க்கும் மரத்துக்குப் பதிலாக பாலியூரிதேன் நுரையில் சர்ஃப் போர்டு செய்தார்கள். பின்னர் கிளார்க் தனியாகப் போய் நுரைக் கட்டைகளை மட்டும் வார்த்து விற்றார். அமெரிக்காவில் போர்டு செதுக்குபவர்களில் பெரும்பாலோர் அவரை நம்பித்தான் இருந்தார்கள். 2005 டிசம்பர் 5, திங்கட்கிழமை. ஏழு பக்கக் கடிதம் ஒன்றை ஃபேக்ஸில் அனுப்பிவிட்டு அவர் கம்பெனியை இழுத்து மூடினார். சர்ஃபிங் உலகம் அந்த நாளை 'பிளாங்க் மண்டே' என்கிறது. ஒரே ஆள் கதவைச் சாத்தினதும் ஒரு தொழில் முழுக்கக் கை பிசைந்து நின்றது.

அந்த அதிர்ச்சியில் நிறைய பேர் வேறொரு நுரைக்கும் எபாக்ஸிக்கும் திரும்பினார்கள். அந்த நுரையின் பெயர் ஈபிஎஸ். நமக்கு அதன் பெயர் தெர்மாகோல். ஆமாங்க, லட்சக்கணக்கில் விலை சொல்லும் ஃபாயில் போர்டுகளில் பெரும்பாலானவற்றின் வயிற்றுக்குள்ளும் தெர்மாகோல்தான். அதன் மேல் கண்ணாடி இழையோ கார்பன் இழையோ சுற்றி, எபாக்ஸியில் ஊறவைத்து இறுக்கியிருப்பார்கள்.

எபாக்ஸியை வீட்டுக்குக் கொண்டுவந்ததில் கூஜன் சகோதரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவின் மிஷிகனில் பே சிட்டிக்காரர்கள். 1969-ல் உறைந்த ஏரியில் ஓடும் பனிப் படகுகளைக் கட்டும் தொழில் தொடங்கினார்கள். மரத்தை எபாக்ஸியில் மூடும் தங்கள் முறையை ரகசியமாக வைத்துக்கொள்ளாமல், ரெசினையும் அளவு பம்பையும் விற்றதோடு, படகு கட்டுவது பற்றி ஒரு தடிமனான புத்தகமும் எழுதினார்கள். ரசாயனம் படிக்காத ஒருத்தர் வீட்டு ஷெட்டில் எபாக்ஸி கலக்கலாம் என்ற தைரியம் அங்கிருந்து பரவினது.

இனி என் மொட்டை மாடிக்கு வாங்க. என்னுடையது செகண்ட் ஹேண்ட் போர்டு. போன சீசனில் அடிப்பக்கம், மாஸ்ட் பொருத்தும் தடத்தை ஒட்டி மயிரிழை போல ஒரு விரிசல். ஃபாயில் போர்டு பெரும்பாலும் அங்கேதான் உடையும். காரணம் எளிது. மேலே ஒரு ஆளின் எடை, கீழே ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான கடப்பாரை, அந்த நெம்பு முழுக்க ரெண்டு சின்னத் தடங்களில் இறங்குது. ஒரு கடையில் கேட்டேன். இதெல்லாம் சரி பண்ண மாட்டோம், புதுசு பாருங்க என்றார்கள்.

விரிசல் உள்ளே வரை போயிருக்கா என்று பார்க்க ஒரு வழி இருக்கு. போர்டைக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்து, விரிசல் மேல் சோப்புத் தண்ணீர் தடவுங்க. உள்ளே இருக்கும் காற்று விரிந்து குமிழி விட்டால், தண்ணீரும் அதே வழியா உள்ளே போகும்னு அர்த்தம். முதல்ல காய வைக்கணும். விரிசல் கீழே பார்க்க, நிழலில், ஃபேன் காற்றில், நாள் கணக்கில். அவசரப்பட்டு மூடினால் ஈரத்தையும் சேர்த்து உள்ளே பூட்டிவிடுவோம்.

ரெசின் வாங்கத்தான் காசிமேடு போனேன். 2004 சுனாமிக்குப் பிறகு நம்ம கரையில் கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் பெருகின. அதோடு ஃபைபர் வேலை தெரிந்தவர்களும் பெருகினார்கள். என்னைவிட நூறு மடங்கு அனுபவம் உள்ள ஒரு அண்ணனிடம் போர்டைக் காட்டினேன். விரிசல் வழியாக வெள்ளையாகத் தெரிந்ததைப் பார்த்துவிட்டு, இது மீன் பெட்டித் தெர்மாகோல் ஆச்சே என்றார். படகுக்குப் போடும் ரெசின் இதுக்கு ஆகாது, தின்னுடும் என்றும் அவரே சொன்னார். படகு ரெசின் பாலியெஸ்டர் வகை. அதில் ஸ்டைரீன் இருக்கு. தெர்மாகோல் மேல் பெட்ரோல் ஊற்றினால் என்ன ஆகும், சின்ன வயசில் பார்த்திருப்பீங்க. அதேதான் இங்கேயும் நடக்கும், போர்டுக்குள்ளே குழி விழும். எபாக்ஸி அப்படிச் செய்யாது. கண்ணாடித் துணியை மட்டும் அவரிடம் வாங்கிக்கொண்டு, எபாக்ஸியை வேறு இடத்தில் வாங்கினேன்.

கலக்கும்போது கண் மதிப்பு வேண்டாம். சமையலறை டிஜிட்டல் தராசு போதும், டப்பாவில் போட்ட விகிதத்தை அப்படியே பிடிங்க. சென்னை வெயிலில் ஒரு கப் நிறையக் கலந்து வைத்தால் அது தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அகலமான தட்டில் பரப்பி வேலை செய்வது நல்லது. கையுறை கட்டாயம், தேய்க்கும்போது மாஸ்க் கட்டாயம். எபாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை வந்துட்டா திரும்பிப் போகாது.

விரிசலைச் சுற்றி நாலைந்து சென்டிமீட்டர் தேய்த்து, பள்ளத்தை எபாக்ஸியில் குழைத்த நறுக்கிய கண்ணாடி இழையால் நிரப்பினேன். சாதாரண இடம்னா லேசான பவுடர் ஃபில்லர் போதும், தடத்துப் பக்கத்தில் அது தாங்காது. அதன் மேல் மூணு அடுக்குத் துணி, ஒவ்வொன்றும் முந்தினதைவிடக் கொஞ்சம் பெருசு. இறுகின பிறகு மேலே மெழுகு போல ஒரு பிசுபிசுப்பு படியும், ஈரக் காற்றில் அதிகம். தேய்ப்பதற்கு முன்னாடி வெறும் தண்ணீரில் கழுவினால் போய்விடும். கடைசியில் வெள்ளை பெயிண்ட். கறுப்பு அழகாத்தான் இருக்கும், ஆனா வெயிலில் சூடேறி உள்ளே இருக்கும் தெர்மாகோலை உப்ப வைக்கும்.

காய்ந்ததும் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பாக்கெட்டிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து போர்டு முழுக்கத் தட்டிக்கொண்டே வந்தார். நன்றாக ஒட்டியிருந்தால் டக் டக் என்று கூர்மையாகக் கேட்கும். ஒட்டின இடத்தில் அப்படித்தான் கேட்டது. மூக்குப் பக்கம் ஒரு இடத்தில் மட்டும் மந்தமாகக் கேட்டது, பழைய சொந்தக்காரர் காலத்துக் காயம் போல. பென்சிலால் அங்கே ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைத் திறக்கணும்.