எல்லார்மீதும் விரிந்த வானம்

கடலை வரைந்த ஓவியர் பலர். கடற்கரையில் கூடும் மனிதரையும், அவர்தம் தலைக்குமேல் விரியும் வானத்தையும் ஒருசேரக் கண்டு தீட்டியவர் சிலரே. அச்சிலருள் தனியிடம் பெற்றவர் பிரெஞ்சு ஓவியர் யூஜென் பூதேன் (1824–1898).

நார்மண்டிக் கரையில், சேன் ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்து ஊரான ஓன்ஃபிளேரில் பிறந்தவர் அவர். தந்தை கப்பல் தொழிலாளி; மகனும் சிறுவயதிலேயே கப்பலில் ஏவல் வேலை செய்தான். பின்னர் எதிர்க்கரையிலுள்ள லெ ஆவ்ர் நகரில், எழுதுபொருள் விற்றுப் படங்களுக்குச் சட்டமிடும் கடையொன்றைக் கூட்டாக நடத்தினார். அங்கு மில்லே போன்ற ஓவியரோடு ஏற்பட்ட பழக்கம் அவரைத் தூரிகை ஏந்தச் செய்தது. 1851இல் அந்நகராட்சி வழங்கிய மூன்றாண்டு உதவித்தொகை அவரைப் பாரிசுக்கு அனுப்பியது.

1859ஆம் ஆண்டுப் பாரிசுக் கண்காட்சியில் அவர் வைத்த எண்ணெய் வண்ண ஓவியம், பிரித்தானிக் கரையில் புனித அன்னம்மாள் திருத்தலத்தில் நடைபெறும் திருவிழாவைக் காட்டுவது. அங்குத் திரளும் எளிய மக்களே அதன் நாயகர். அதே ஆண்டில் கவிஞர் பொதலேர், பூதேனின் வான ஆய்வுப் படங்களைக் கண்டு வியந்து எழுதினார். நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றை ஓவியர் அவற்றில் குறித்து வைத்திருந்தார்.

1862 முதல் அவர் துரூவீல் கடற்கரையை வரையலானார். மறு ஆண்டில் இரயில் பாதையும் அவ்வூரை எட்டியது. பாரிசுச் செல்வர் கோடைதோறும் அங்குக் குவிந்தனர். அகன்ற பாவாடைகள், குடைகள், மணலில் இட்ட நாற்காலிகள் யாவும் சிறு பலகைகளில் விரைந்த தூரிகைத் தடங்களாக இடம்பெற்றன. முகங்கள் தெளிவாகத் தெரியா. படத்தின் பெரும்பகுதி வானமே.

இவ்வோவியங்கள் விலைபோயின. எனினும் அவர் உள்ளம் அமைதி கொள்ளவில்லை. 1867இல் பிரித்தானியில் வறியோரிடையே தங்கித் திரும்பியவர், கருப்பு ரொட்டி உண்டு உழைப்போரைக் கண்டபின் இச்சோம்பல் வாழ்வைத் தீட்டுவது நாணத்தைத் தருவதாக நண்பருக்கு எழுதினார். மறு ஆண்டிலோ மற்றொரு கடிதத்தில், மாலைக் கதிரவனை நோக்கி நடக்கும் நகரத்தாரும் ஓவியத்தில் இடம்பெறும் உரிமை உடையவரன்றோ என வினவினார்.

இவ்விரு கடிதங்களும் முரண்பட்டவை போல் தோன்றும். ஆயினும் இரண்டும் ஒரே மனச்சான்றின் குரல்களே. உழைப்பவரை மறந்த கலை வெறும் அலங்காரமாகிவிடும். செல்வரை வெறுப்பதற்கென்றே எழும் கலையோ மனிதரைக் காணாது போகும். பூதேன் இரு தவறுகளையும் தவிர்த்தார். தூக் ஆற்றங்கரையில் குனிந்து துணி துவைக்கும் பெண்களையும், மீனவரையும், படகுகளையும் பன்முறை வரைந்தார். பட்டுடுத்திய சீமாட்டிமீது படர்ந்த அதே சாம்பல் நிற ஒளியே துவைப்பவள் முதுகின்மீதும் படர்ந்தது.

கேலிச்சித்திரம் வரைந்து திரிந்த இளைஞர் மோனேயைத் திறந்த வெளிக்கு அழைத்துச் சென்று இயற்கையைப் பார்க்கப் பழக்கியவரும் இவரே. தாம் ஓவியரானது பூதேனால்தான் என்பதை மோனே பிற்காலத்தில் நன்றியோடு ஏற்றார். 1874இல் நடந்த முதல் இம்ப்ரெஷனிசக் கண்காட்சியில் ஆசானும் மாணவரும் ஒருங்கே பங்கேற்றனர்.

1898 ஆகஸ்டு 8ஆம் நாள், துரூவீலை அடுத்த தோவீலில் பூதேன் இறந்தார். மனிதரைச் சிறிதாகவும் வானத்தைப் பெரிதாகவும் வரைந்த அவர், அச்சிறு உருவங்களுள் ஒன்றையும் இகழ்ந்து தீட்டவில்லை. அன்பர்களே, பிறரை நோக்கும் நம் பார்வைக்கும் இவ்வளவு அகன்ற வானம் வேண்டுமன்றோ?