ஆறு கட்டையில் ஒரு பிடிவாதம்

1974 மே மாதம் ஐலண்ட் நிறுவனம் வெளியிட்ட, ஸ்பார்க்ஸ் குழுவின் ‘கிமோனோ மை ஹவுஸ்’ எல்பியின் முன்னட்டையில் குழுவின் பெயர் இல்லை. தட்டின் பெயரும் இல்லை. கிமோனோ உடுத்திய இரு ஜப்பானியப் பெண்கள்தான் இருக்கிறார்கள். முகத்தில் வெள்ளைப் பூச்சு; ஆனால் உடையும் ஒப்பனையும் குலைந்திருக்கின்றன. ராக்ஸி மியூசிக் குழுவின் அட்டைகளில் அழகியரை மினுமினுக்க வைத்த கார்ல் ஸ்டோக்கர்தான் இதையும் படம் பிடித்தவர். கிளாம் ராக் என்றாலே ஜிகினா என்றிருந்த நாளில், ஒப்பனை கலைந்த முகத்தை முன்னால் வைக்கத் தனித் துணிச்சல் வேண்டும்.

ஸ்பார்க்ஸ் என்பது லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வந்த ரான் மேய்ல், ரஸ்ஸல் மேய்ல் என்ற அண்ணன் தம்பி. முதல் இரண்டு தட்டுகளும் அமெரிக்காவில் விலைபோகவில்லை. 1973இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்து, அங்குள்ள வாத்தியக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, மஃப் வின்வுட் தயாரிப்பில் இதைப் பதிந்தார்கள்.

முதல் பாட்டு ‘திஸ் டவுன் எய்ன்ட் பிக் இனஃப் ஃபார் போத் ஆஃப் அஸ்’. கௌபாய் படத்து வில்லன் வசனமே பாட்டின் பெயர். நடுவில் துப்பாக்கி வெடிக்கிறது. அண்ணன் இதைக் கீபோர்டில் அமைத்த சுருதி ‘ஏ’, நம் பாடகர்கள் சொல்லும் ஆறு கட்டை. தம்பியின் தொண்டைக்காக அதை இறக்க அவர் இசையவில்லை. ரஸ்ஸல் கள்ளக்குரலில் ஏறிப் பாடினார். இந்தத் தட்டைக் கோமாளித்தனம் என்று ஒதுக்குவோரிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: அந்தக் குரல் வேடிக்கைக்காகப் பூண்ட வேடம் அன்று. மெட்டு கேட்ட இடத்துக்குப் பாடகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் நிற்கிறான். விரல் ஓடும் வேகத்துக்குச் சொற்களும் ஓடுகின்றன, ஒன்றுகூடச் சிந்தவில்லை. பிரிட்டனில் அந்தப் பாட்டு இரண்டாம் இடம் வரை ஏறியது. பிபிசியின் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ நிகழ்ச்சியில் தம்பி துள்ளிக் குதிக்க, நறுக்கு மீசை அண்ணன் கேமராவையே முறைத்துக்கொண்டு அசையாமல் அமர்ந்திருந்தார்.

பாடல்களின் உள்ளே போனால், சங்க அகப்பாட்டில் பழகியவருக்குக் ‘கூற்று’ என்ற ஒரு சொல் போதும். பேசுவது கவிஞன் அல்லன், பாத்திரம். ‘ஹியர் இன் ஹெவன்’ ரோமியோ கூற்று. சேர்ந்து சாவோம் என்ற பேச்சை நம்பி அவன் முந்திக்கொண்டான், ஜூலியட் பின்தொடரவில்லை. இப்போது சொர்க்கத்தில் தனியே உட்கார்ந்து, அவள் நல்ல உடல்நலத்தோடு இருப்பதை எண்ணி வருந்துகிறான். காதலியின் ஆரோக்கியமே காதலனுக்குத் துயரமாகும் இந்தத் திருப்பத்தை வேறெந்தப் பாப் பாட்டிலும் நான் கேட்டதில்லை. கேட்டால் முதலில் சிரிப்பு வரும். மூன்றாம் முறை கேட்கையில் அவன் தனிமை நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும். ‘டேலன்ட் இஸ் அன் அசெட்’ பாட்டில் சிறுவன் ஐன்ஸ்டைனைப் பொத்திப் பொத்தி வளர்க்கும் வீட்டார் பேசுகிறார்கள். கைதட்டலோடு வரும் அந்த மெட்டு பள்ளிப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும்.

கடைசிப் பாட்டு ‘ஈக்வேட்டர்’. நிலநடுக்கோட்டில் சந்திப்போம் என்று சொல்லிவிட்டுப் போனவளுக்காக ஒருவன் அங்கே போய் நிற்கிறான். கொண்டுவந்த பரிசுகள் வெயிலில் உருகுகின்றன. இடம் தவறோ என்று அவன் ஐயுறுகிறானே தவிர, அவள் வரமாட்டாள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. ரஸ்ஸலின் குரல் அந்தக் கோட்டின் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லி மேலே மேலே போகிறது. தட்டு முடிகிறது, அவன் இன்னும் அங்கேதான் நிற்கிறான்.