வாடியனின் கல்வியும் ஆட்சியும்

பதினாறாம் நூற்றாண்டின் கிறித்துவச் சமயச் சீர்திருத்தத்தை ஆராய்வோர் லூத்தர், சுவிங்ளி, கால்வின் ஆகிய மூவரையே பெரிதும் எடுத்துப் பேசுவர். அம்மூவரும் போதகர். நகராட்சியைத் தாமே ஏற்றுச் சீர்திருத்தத்தை நிலைநாட்டியோருள் குறிப்பிடத்தக்கவர், யோவாக்கிம் வான் வாட் என்னும் வாடியன் ஆவர்.

சுவிட்சர்லாந்தின் செயின்ட் கேலன் நகரில் 1484-இல் துணிவணிகர் குடியிற் பிறந்த இவர், வியன்னாப் பல்கலைக்கழகத்திற் பயின்று, 1516-இல் அதன் தலைவராகவும் விளங்கினார். பொம்போனியஸ் மேலாவின் நிலநூலுக்கு இவர் வரைந்த உரை 1518-இல் வெளிவந்தது. அவ்வாண்டே தாயகம் மீண்டு நகர மருத்துவராயினார்; 1521-இல் நகர மன்றத்தில் இடம்பெற்றார்; 1526-இல் நகரத் தலைவராயினார். பழைய நூல்களின் மூலத்தையே நேரில் ஆயும் உரையாசிரியர் நெறியை விவிலியத்திற்கும் கொண்டு, 1523-இல் குருமார்க்குத் திருத்தூதர் பணிகள் நூலை விளக்கியுரைத்தார்.

இந்நெறிக்கும் ஆட்சிக்கும் இடையே முரண் தோன்றியது 1525-இலாம். வாடியனின் மாணவரும், அவர் மனைவி மார்த்தாவின் உடன்பிறந்தாருமாகிய கொன்ராட் கிரேபெல், குழந்தைத் திருமுழுக்கு விவிலியத்தில் இல்லை என்று கூறி, வளர்ந்தோர்க்கு மீண்டும் திருமுழுக்களித்தார். இருவரும் மூலநூலையே சான்றாகக் கொண்டனர். ஆயினும், சீர்திருத்தத்தின் எல்லையை மன்றம் வகுத்தல் தகுமா என்பதில் வேறுபட்டனர். அடியார்மேல் ஒறுத்தல் செல்லாவாறு காக்க வேண்டிக் கிரேபெல் அவ்வாண்டு மே மாதம் மைத்துனர்க்கு மடல் விடுத்தார். வாடியனோ அக்கொள்கையை மறுத்து எழுதினார். மன்றமும் அத்திருமுழுக்கைத் தடைசெய்தது. மறு ஆண்டே கிரேபெல் மறைந்தார்.

வாடியன் இங்ஙனம் செய்தமைக்குக் காரணம் நகரின் நிலையே எனக் கருத இடமுண்டு. நகரின் நடுவே கத்தோலிக்க மடம் நின்றது. அதன் தலைவர் சுற்றுப்புற நாட்டை ஆளும் அரசருமாவார். நகர மக்கள் தம்முட் பிளவுறின் சீர்திருத்தமே வீழ்தல் கூடும். 1531-இல் காப்பெல் போரில் சுவிங்ளி மாண்டு சீர்திருத்தப் பக்கம் தோற்றதும், 1532-இல் மடத்தலைவர் மீண்டதும் அவ்வச்சம் வீணன்று எனக் காட்டும். எனினும் நகரம் தன் சமயத்தைக் காத்துக்கொண்டது.

அச்சம் உண்மையாதல் தடையை அறமாக்காது. மூலநூலை எவரும் ஆயலாம் என்ற அறிஞரே, அவ்வாய்வின் ஒரு முடிவை ஆணையால் அடக்கினார் என்பது மறைத்தற்கரியது. 1551-இல் மறைந்த வாடியன் தம் நூல்களை நகருக்கே வழங்கினார். கிரேபெல் அவர்க்கு எழுதிய மடல்கள் இன்றும் வாடியனின் மடற்றொகுதியுள் உள. தாம் தடுத்த குரலுக்குத் தாமே சான்று காத்துவைத்தமையின், வாடியனை ஆராய்வோர் கிரேபெலையும் உடன்வைத்தே ஆராய்தல் முறையாகும்.