நோயாளியின் இரகசியம் யாருடைய சொத்து? இஸ்லாமியச் சட்ட வரலாறு சொல்லும் பதில்



இஸ்லாமிய நாகரிகத்தின் மருத்துவப் பங்களிப்பைப் பற்றிக் கேள்வி வந்தால் இப்னு சீனா, அர்-ராஸி என்று பெயர்களை அடுக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். பெயர்கள் வேண்டியதுதான். ஆனால் அந்த நாகரிகம் மருத்துவரின் வாய்க்கும் ஒரு பூட்டுப் போட்டது. அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

கோலா கிளாவாங் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்க, பாக்தாத்திலிருந்து தொடங்க வேண்டாம். பழைய லயத்திலிருந்தே தொடங்கலாம். டிரெசருக்குச் சம்பளம் கொடுப்பது நிர்வாகம். அவரிடம் மருந்து வாங்குவது பால்மரம் வெட்டுகிறவர். காலைப் பெரட்டில் ஓர் ஆள் குறைந்தால் ஏன் என்று கேட்பதும் அதே நிர்வாகம்தான். 'ரெண்டு நாள் ஓய்வு வேணும்' என்று டிரெசர் சொன்னால் போதுமா? என்ன நோய் என்றும் சொல்லணுமா? சொன்னால் அன்று மாலைக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிடாதா? காசு கொடுப்பவர் ஒருவர், உடம்பைக் காட்டுபவர் இன்னொருவர். சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இதே சிக்கல் 9ஆம் நூற்றாண்டு பாக்தாத்திலும் வந்தது. ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (808–873) கலீஃபா முதவக்கிலின் அரண்மனை மருத்துவர், மதத்தால் கிறிஸ்தவர். எதிரி ஒருவனைக் கொல்ல நஞ்சு தயாரித்துக் கொடு என்று கலீஃபா கேட்டாராம். ஹுனைன் மறுத்தார், ஓராண்டு சிறையில் கிடந்தார். ஏன் மறுத்தாய் என்று கேட்டபோது, தன் மதமும் தன் தொழிலும் அதைத் தடுக்கின்றன என்றாராம். பழைய அரபு வரலாற்று நூல்கள் சொல்லும் கதை இது. சம்பளம் கொடுப்பவரே கேட்டாலும் மருத்துவத்துக்கென்று தனி வரம்பு உண்டு என்பது அன்றே பேசப்பட்டிருக்கிறது, பாருங்கள். கிரேக்கரான ஹிப்போகிராட்டஸின் பெயரால் வழங்கும் மருத்துவ உறுதிமொழி அரபுக்கு வந்ததும் ஹுனைனின் மொழிபெயர்ப்புக் குழு வழியாகத்தான். சிகிச்சையின்போது கண்டதையும் கேட்டதையும் வெளியே சொல்லாமலிருப்பது அந்த உறுதிமொழியில் ஓர் அங்கம்.

உறுதிமொழி ஏட்டோடு நின்றுவிடவில்லை. 12ஆம் நூற்றாண்டில் சிரியாவில் அஷ்-ஷைஸரி என்பவர் 'முஹ்தஸிப்' என்ற அதிகாரிக்காக ஒரு கையேடு எழுதினார். முஹ்தஸிப் என்றால் சந்தைக் கண்காணிப்பாளர். கடைக்காரரின் தராசையும் ரொட்டிக்கடையின் சுத்தத்தையும் பார்ப்பவர். மருத்துவர்களிடம் அந்த உறுதிமொழியை வாங்குவதும் அவர் வேலை என்கிறது கையேடு. நோயாளி வீட்டில் பெண்கள் இருக்கும் பக்கம் பார்வையைத் தாழ்த்த வேண்டும், இரகசியங்களை வெளியிடக்கூடாது என்றும் சொல்கிறது. கள்ளத் தராசும் அவிழ்ந்த வாயும் ஒரே அதிகாரியின் கணக்கில்! எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

சட்ட அடிப்படை என்ன? நம் முஸ்லிம் நண்பர்கள் 'அமானிதம்' என்று சொல்வார்களே, அந்தச் சொல்தான். நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள். இரகசியம் மருத்துவருக்குச் சொந்தமில்லை. நோயாளி கொடுத்து வைத்தது. இதை இக்காலத்துக்கு ஏற்பத் தெளிவாக்கிய தீர்மானம் நமக்குப் பக்கத்திலேயே, புருணையின் பண்டார் ஸ்ரீ பகவானில், 1993 ஜூனில் நிறைவேறியது. அனைத்துலக இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவையின் 79ஆம் தீர்மானம் அது. 'யாரிடமும் சொல்லாதீங்க' என்று நோயாளி வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. சூழ்நிலையும் வழக்கமும் அது மறைக்க வேண்டியது என்று காட்டினாலே அது இரகசியம்தான் என்கிறது.

விதிவிலக்கு உண்டு. மறைப்பதால் வரும் தீங்கு, சொல்வதால் வரும் தீங்கைவிடப் பெரியதென்றால் சொல்லலாம். ஆனால் எப்போது சொல்லலாம், யாரிடம் சொல்லலாம் என்பது சட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். மருத்துவரின் விருப்பத்துக்கு விடப்படவில்லை. மாணவர்கள் தவறவிடும் புள்ளி இதுதான்; அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள்.

திருமணம் பழைய விதிவிலக்கு. ஃபாத்திமா பின்த் கைஸ் என்ற பெண், தன்னைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி நபிகளிடம் ஆலோசனை கேட்டார். நபிகள் இருவரின் குறையையும் மறைக்காமல் சொன்னார். இதை வைத்து ஷாஃபி அறிஞர் நவவி (இறப்பு 1277), புறம்பேசல் அனுமதிக்கப்படும் ஆறு சந்தர்ப்பங்களில் திருமண ஆலோசனையையும் சேர்த்தார். மலேசிய முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபி வழியினர் என்பதை இங்கே நினைவில் வையுங்கள். 2001இல் ஜொகூர், முஸ்லிம் மணமக்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. பிறகு மற்ற மாநிலங்களுக்கும் அது பரவியது. துணைவரைக் காப்பதே நோக்கம் என்பது ஆதரிப்போர் வாதம். கட்டாயப் பரிசோதனை மனிதரைப் பயமுறுத்தி ஒளிய வைக்கும் என்பது எதிர்ப்போர் வாதம். என்னைக் கேட்டால், துணைவருக்குத் தெரிவது நியாயம். பக்கத்து வீட்டுக்குத் தெரிவது அநியாயம். சிறிய ஊரில் இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் சுவர் மிக மெல்லியது.

மலேசியாவின் 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின்படி, பட்டியலில் உள்ள நோய்களை மருத்துவர் சுகாதார அதிகாரிக்கு அறிவித்தே ஆக வேண்டும். அறிவிக்க வேண்டியது அதிகாரிக்கு. முதலாளிக்கு அல்ல, ஊருக்கும் அல்ல.

வகுப்பில் இப்படி ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள்: தோட்டத் தொழிலாளி ஒருவருக்குக் காசநோய். மனைவிக்கு, நிர்வாகத்துக்கு, சுகாதார அதிகாரிக்கு, லயத்து மக்களுக்கு, இந்த நால்வரில் யாருக்கு எவ்வளவு சொல்லலாம்? புருணைத் தீர்மானத்தையும் 1988 சட்டத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதச் சொல்லுங்கள்.