கொதிகலனில் இருந்து கருப்பைக்கு

"அஞ்சாம் மாச ஸ்கேன் எடுத்தாச்சா?" நம்ம வீடுகளில் 'சாப்டாச்சா' மாதிரி சகஜமான கேள்வி. குழந்தையோட மூளை, முதுகெலும்பு, இதயம், கிட்னி எல்லாம் சரியா இருக்கான்னு பார்க்குற அந்த மெஷினோட பூர்வீகம் ஆஸ்பத்திரி இல்லை மக்களே, தொழிற்சாலை!

1955, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. மகப்பேறு பேராசிரியர் இயன் டொனால்டு போர்க்காலத்தில் விமானப்படையில் இருந்தவர். ரேடார், சோனார் எல்லாம் பரிச்சயம். பக்கத்து ரென்ஃப்ரூவில் பாப்காக் அண்ட் வில்காக்ஸ் கம்பெனி, கொதிகலன் இரும்பில் விரிசல் தேட அல்ட்ராசவுண்ட் கருவி வச்சிருந்தது. மனுஷர், ஆபரேஷன்ல எடுத்த கட்டிகளைக் காரில் போட்டுக்கிட்டு அங்கேயே போயிட்டார்! கெட்டியான கட்டி ஒரு மாதிரி எதிரொலிக்குது, நீர்க்கட்டி வேற மாதிரி.

அப்புறம் வர்றார் நம்ம இனம், என்ஜினியர் டாம் பிரௌன். வயசு இருபத்தி சொச்சம். 'யாரோ ஒரு டாக்டர் இரும்புக் கருவியை மனுஷங்க மேல வைக்கிறாராம்'னு காதில் விழ, தானே போன் போட்டுப் பேசினார். மேலும் கீழும் குதிக்கிற வெறும் கோடுகளைப் படமாக்கியது அவர் செஞ்ச மெஷின்தான். 1958 ஜூன் 7-ல் லான்செட்டில் கட்டுரை வந்தது. தலைப்பு என்னவோ வயிற்றுக் கட்டிகளைப் பத்தி. குழந்தைக்கு அதில் ஒரு ஓரம்தான்.

இதே சமயத்துலதான் ஆலிஸ் ஸ்டூவர்ட், கர்ப்பிணிகளுக்கு எக்ஸ்ரே எடுத்தா குழந்தைக்குப் புற்றுநோய் வர்ற வாய்ப்பு கூடுதுன்னு காட்டினார். மாற்று வழி அவசரமா தேவைப்பட்டது.

இனிமேதான் சிக்கல். டொனால்டு தீவிர கிறிஸ்தவர், பிரிட்டனின் 1967 கருக்கலைப்புச் சட்டத்தை எதிர்த்தவர். அவர்கிட்ட வேலை பார்த்த ஸ்டூவர்ட் கேம்ப்பெல், 1972-ல் லண்டனில் 17 வாரக் கருவில் மண்டை ஓடு உருவாகாததை ஸ்கேனில் கண்டுபிடிச்சார். பிழைக்க வழியே இல்லாத குறை. அந்தக் கர்ப்பம் கலைக்கப்பட்டது. குரு செஞ்ச கருவி, குரு வெறுத்த முடிவு. இதுல யார் பக்கம் நிக்கிறதுன்னு எனக்கு இன்னும் பிடிபடலை.

ஆனா அதே ஸ்கேன்தான் இதயக் குறையை முன்கூட்டியே காட்டி, இதய சிகிச்சை வசதி இருக்கிற இடமா பார்த்து பிரசவம் வச்சுக்க உதவுது. 1992-ல் வந்த கழுத்துப் பின்பக்க நீர் அளவு, டவுன் சிண்ட்ரோமுக்கு 'வாய்ப்பு' எவ்வளவுன்னு மட்டுமே சொல்லும். உறுதி பண்ண குரோமோசோம் பரிசோதனைதான் வழி. நம்பரைப் பார்த்துட்டு ராத்திரி பூரா கூகுள் பண்றவங்க கவனிக்கவும் :-)

ஸ்கேன் ரிப்போர்ட் கையில் கிடைச்சா அடியில் பாருங்க. எல்லாக் குறையும் இதுல தெரியாதுன்னு பொடி எழுத்தில் போட்டிருப்பாங்க.