கொலு பொம்மைச் சந்தை

கொலு பொம்மைச் சந்தை என்பது நவராத்திரிக்கு முந்தைய சில வாரங்களில் தமிழகத்தில் நடைபெறும் பருவகால விற்பனை ஆகும். தசாவதாரம், இராமர் பட்டாபிசேகம் போன்ற தொன்மக் காட்சிகள் "செட்" எனத் தொகுதியாக விற்கப்படுகின்றன. விளாச்சேரி, பண்ருட்டி, காஞ்சிபுரம் ஆகிய ஊர்களின் களிமண், காகிதக்கூழ் பொம்மைகள் பெயர் பெற்றவை.

பின்னலாடை நகரான திருப்பூருக்கு அண்மையில், கோயம்புத்தூர்ப் பெரியகடை வீதியிலுள்ள பூம்புகார் விற்பனை நிலையத்தில் ஆண்டுதோறும் கொலு பொம்மைக் கண்காட்சி நடைபெறுகிறது. 1973ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் வணிகப்பெயரே பூம்புகார்.

அச்சில் வார்த்து, உலர்த்தி, வண்ணம் தீட்டும் வேலை பல மாதங்கள் நீளும். விற்பனையோ பெரும்பாலும் அச்சில வாரங்களில் முடிந்துவிடும். விற்காதவை அடுத்த ஆண்டு வரை முடங்கும். பத்தும் சேர்ந்தால்தான் தசாவதாரம் என்பதால், ஒன்று உடைந்தாலும் எஞ்சிய ஒன்பதை விற்பது கடினம். ஆண்டுதோறும் ஒரு புதுப் பொம்மையாவது வாங்கும் குடும்ப வழக்கமே கைவினைஞர்களுக்குப் பெருந்துணை.